விரல்களின் உடைமை: உரைத்தொகுப்பி மாற்றமும் குறுக்குவிசைகளும்

கணினியில் நிரல் எழுதுவோரும் நீண்ட உரைகளை ஆக்குவோரும் தம் உழைப்பு நாளிற் பெரும்பகுதியை ஏதேனும் ஓர் உரைத்தொகுப்பியின் முன்னிலையிலேயே கழிக்கின்றனர். ஆண்டுகள் செல்ல, பழைய தொகுப்பி வழக்கிழந்து போகின்றது. அல்லது வேலைத்தலம் வேறொன்றை விதிக்கின்றது. அல்லது புதியதொன்றின் வசதிகள் அவர்களைக் கவர்கின்றன. மாறும் அந்நாளில் எழும் முதல் வினா, பழகிய குறுக்குவிசைகளை உடன்கொண்டு செல்லலாமா என்பதாகும். இவ்வினாவுக்கு விடையாக நிரலாளர் வட்டாரங்களில் ஒரு போதனை நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. புதிய கருவிக்கு வந்தவர் அதன் இயல்பான விசைகளையே கற்றல் வேண்டும். பழைய விசைகளைப் புதிய கருவியின்மேல் ஏற்றுபவர் சோம்பல் மிக்கவர். அவர் ஈற்றில் எக்கருவியையும் செவ்வனே அறியாதவராகவே எஞ்சுவார் என்பது அப்போதனையின் சாரம்.

கேட்ட அளவில் இஃது அனுபவத்தின் குரல்போல ஒலிக்கின்றது. ஆயின் நுனித்து நோக்குமிடத்து, குறுக்குவிசைகளின் வரலாற்றையும் மனித உழைப்பின் மதிப்பையும் ஒருங்கே புறக்கணிக்கும் கூற்று இது என்பது புலனாகும். கைகளிற் படிந்த பழக்கம் பயனர் தம் உழைப்பால் ஈட்டிய உடைமை. கருவி மாறும்பொழுது அவ்வுடைமையை உடன்கொண்டு செல்வது அவரது உரிமை. அதற்கு இடமளிப்பது கருவி செய்வோரின் கடமை. இதனை மறுப்போரின் வாதங்கள் எத்துணை வலுவற்றவை என்பதை ஆராய்தல் தகும்.

பழக்கம் என்னும் உழைப்பு

குறுக்குவிசையை மனப்பாடம் செய்யப்பட்ட ஒரு பட்டியலாகக் கருதுவதிலிருந்தே தவறு தொடங்குகின்றது. பட்டியலாயின் ஒரு மாலைப்பொழுதிற் புதியதைக் கற்றுவிடலாம். உண்மையில் தேர்ந்த பயனர் ஒருவரிடம், ஒரு சொல்லை அழிப்பதற்கு எவ்விசையை அழுத்துகின்றீர் என வினவினால் அவர் சற்றுத் தயங்குவார். விசைப்பலகையின்மேற் கைவைத்துச் செய்துபார்த்த பின்னரே விடை கூறுவார். அறிவு அவர் நாவில் இல்லை, விரல்களில் உள்ளது. மிருதங்கக் கலைஞரின் கையும் நெசவாளரின் கையும் பெற்றிருக்கும் அறிவு அது. பல்லாயிரம் முறை ஒரே செயலைச் செய்ததன் விளைவாக, சிந்தனையின் வழியில் நில்லாது தானே இயங்கும் ஆற்றலைக் கை பெறுகின்றது. வாக்கியம் மனத்தில் உருவாகும்போதே அது திரையில் திருந்துகின்றது.

இவ்வாற்றல் ஒரு நாளிற் பறிக்கப்படுமாயின் நிகழ்வது யாது? ஒவ்வொரு செயலுக்கும் மனம் குறுக்கிட நேர்கின்றது. எழுதவேண்டிய பொருளிலே நிலைத்திருந்த கவனம், எழுதும் கருவியின்பால் இழுக்கப்படுகின்றது. அதனினும் கொடியது, கை பழைய பாதையிலேயே சென்று பிழை விளைவிப்பதாகும். ஈமக்ஸ் என்னும் தொகுப்பியிற் பயின்றவரின் கை, கொன்ட்ரோல் விசையுடன் டபிள்யூவை அழுத்தித் தெரிந்தெடுத்த பகுதியை வெட்டிப் பழகியது. அதே கை இணைய உலாவியில் அவ்விசைகளை அழுத்தும்பொழுது, எழுதிக்கொண்டிருந்த பக்கமே மூடிவிடும். ஈமக்ஸில் கொன்ட்ரோலும் எஃப்பும் ஓர் எழுத்து முன்னே செல்வதற்கானவை. பிறவற்றில் அவை சொற்றேடலைத் திறக்கின்றன. விண்டோஸிற் பழகியவர் செய்ததை மீளப்பெறும் பொருட்டுக் கொன்ட்ரோலுடன் ஸெட்டை அழுத்துவார். யுனிக்ஸ் முனையத்தில் அது நிரலையே இடைநிறுத்திவிடும். இத்தகைய பிழைகளைச் செய்பவரின் அறிவு குறைந்ததன்று. மிக நன்றாகக் கற்றமையே அவருக்குக் கேடாகின்றது.

‘இயல்பான விசை’ என்னும் மாயை

ஒவ்வொரு தொகுப்பிக்கும் தனக்கே உரிய இயல்பான விசைகள் உண்டு என்றும், அவற்றைக் குலைப்பது அக்கருவியின் உள்ளியல்பையே குலைப்பதாகும் என்றும் தூய்மைவாதிகள் கூறுவர். அவ்வியல்பு எங்கிருந்து வந்தது என்பதை வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் பில் ஜோய் 1976ஆம் ஆண்டளவில் வி.ஐ. என்னும் தொகுப்பியை ஆக்கினார். அதிலே எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு எழுத்துகளும் முறையே இடம், கீழ், மேல், வலம் எனச் சுட்டியை நகர்த்துவன. இத்தெரிவிற்குப் பின்னால் ஆழ்ந்த தத்துவம் எதுவும் இல்லை. அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ என்னும் முனையத்தின் விசைப்பலகையில் அந்நான்கு எழுத்துகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிடப்பட்டிருந்தன. இன்று விசைப்பலகையின் மேல்மூலையில் எட்டிப்பிடிக்க வேண்டியிருக்கும் எஸ்கேப் விசையும், அம்முனையத்தில் கியூ எழுத்தின் அருகே சிறுவிரலுக்கு எளிதாய் அமைந்திருந்தது. முனையம் மறைந்தது, விசைகள் நிலைத்தன.

1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டாரின் கதையும் இத்தகையதே. அம்புவிசைகள் அற்ற விசைப்பலகைகள் பல வழங்கிய காலம் அது. எனவே கொன்ட்ரோலுடன் ஈ மேலும், எக்ஸ் கீழும், எஸ் இடமும், டி வலமும் ஆயின. விசைப்பலகையில் அந்நான்கும் ஒரு வைர வடிவில் அமைந்திருத்தலே காரணம். வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வுநிலையத்தில் வளர்த்தோருள் ஒருவரான லரி டெஸ்லர், பின்னர் அப்பிள் நிறுவனத்தின் லீசா கணினியிற் பணியாற்றினார். அக்கணினி 1983இல் வெளிவந்தபொழுது ஸெட், எக்ஸ், சீ, வீ ஆகிய நான்கும் மீளப்பெறல், வெட்டல், படியெடுத்தல், ஒட்டல் ஆகியவற்றுக்கு உரியனவாயின. அவை விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து நிற்பன. ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் வகுத்த நியமமோ வெட்டலுக்கு ஷிஃப்ட்டுடன் டிலீட்டையும், ஒட்டலுக்கு ஷிஃப்ட்டுடன் இன்ஸேர்ட்டையும் விதித்தது. விண்டோஸ் முதலில் அதனை ஏற்றுப் பின்னர் அப்பிளின் எழுத்துகளையும் தழுவிக்கொண்டது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது யாதெனில், இன்று இயல்பெனப் போற்றப்படுபவை யாவும் ஏதோ ஒரு காலத்து வன்பொருளின் வடுக்கள் என்பதாம். மறைந்துபோன ஒரு முனையத்தின் அமைப்புக்குத் தரும் மரியாதையை, இன்று உயிரோடிருந்து உழைக்கும் ஒருவரின் கைக்குத் தர மறுப்பது எவ்வகை நியாயம்?

வணிகர் அறிந்த உண்மை

பயனரின் பழக்கம் விலையுள்ள பொருள் என்பதைப் போதகர்கள் அறியாவிடினும் வணிகர்கள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். போர்லாண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டேர்போ பஸ்கலின் தொகுப்பி, வேர்ட்ஸ்டாரின் விசைகளையே ஏற்றது. வேர்ட்ஸ்டாரிற் பழகியோர் புதிதாக எதனையும் கற்காமலே அதில் நிரல் எழுத முடிந்தது. மைக்ரோசொஃப்ட் தன் வேர்ட் மென்பொருளில் வேர்ட்பேர்ஃபெக்ட் பயனருக்கெனத் தனி உதவியையும் அவர்கள் பழகிய நகர்த்தல் விசைகளையும் சேர்த்தது. அதன் எக்ஸெலில் சாய்கோட்டு விசையை அழுத்தியதும் கட்டளைப் பட்டி விழித்துக்கொள்வது, லோட்டஸ் 1-2-3 பயனரை வரவேற்கும் பொருட்டு வைக்கப்பட்ட வாயிலின் எச்சமே. வாடிக்கையாளரைப் பிறரிடமிருந்து வெல்லவேண்டியபோது, கைப்பழக்கத்தை உடன்கொண்டு வருதல் சோம்பல் என்று எந்நிறுவனமும் கூறவில்லை.

வென்றவர்களைப் பிறர் அழைத்துச் செல்ல முற்பட்டபொழுது குரல் மாறியது. இதற்குச் சிறந்த சான்று உரைத்தொகுப்பித் துறைக்கு அயலேயுள்ள கணக்கு விரிதாள் துறையில் எழுந்த ஒரு வழக்காகும். லோட்டஸ் 1-2-3 விரிதாளில் 469 கட்டளைகள், 50க்கும் மேற்பட்ட பட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. சாய்கோட்டு விசையையும் கட்டளைகளின் முதலெழுத்துகளையும் தொடர்ந்து அழுத்தியே பயனர் அவற்றை இயக்கினர். எனவே அப்பட்டி பெயரளவிற் பட்டியாயினும் பயன்பாட்டில் விசைத்தொடரே. போர்லாண்டின் குவாட்ரோ புரோ விரிதாள், லோட்டஸிற் பழகியோர் தம் விசைத்தொடர்களையும் அவற்றால் ஆக்கிய குறுநிரல்களையும் அப்படியே பயன்படுத்த வழிசெய்தது. லோட்டஸ் 1990இல் வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றம் லோட்டஸின் பக்கம் நின்றது. 1995இல் அமெரிக்காவின் முதலாம் சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. கட்டளை அடுக்கு என்பது ஒரு பொருளை இயக்கும் முறை, ஒளிப்பதிவுநாடாப் பெட்டியின் பொத்தான்களைப் போன்றது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்பது அதன் முடிபு. 1996இல் உயர் நீதிமன்றத்தின் நீதியரசர்கள் நால்வர் நால்வராய்ப் பிளவுபட்டமையால் அம்முடிபு நிலைத்தது.

அவ்வழக்கில் இணக்கத் தீர்ப்பெழுதிய நீதியரசர் மைக்கேல் பௌடின் சுட்டிய கருத்து ஈண்டு மனங்கொளற்பாலது. கட்டளைகளைக் கற்பதற்கான முதலீட்டைச் செய்தவர்கள் பயனர்களே, நிறுவனமன்று. அங்ஙனமாக, அம்முதலீட்டைக் காரணங்காட்டிப் பயனர் ஏன் அந்நிறுவனத்தின் சிறையிற் கிடக்கவேண்டும் என அவர் வினவினார். வழமையான தட்டெழுத்து விசையமைப்பைக் கற்றவர், அவ்வமைப்பின் ஏகபோகம் எவரிடம் இருப்பினும் அவருக்கு அடிமையாகிவிடுவார் என்பதையும் அவர் உவமையாய்க் காட்டினார். குறுக்குவிசை பற்றிய விவாதத்தின் மையம் இதுவே. கற்றல் என்னும் உழைப்பு பயனருடையது. அதன் பயனைப் பூட்டிவைக்கும் சாவி மட்டும் வேறொருவரிடம் இருத்தல் நீதியாகாது. சட்டத்தாற் பூட்டமுடியாமற்போன கதவை, பழைய விசைகளைக் கொணர்தல் இழுக்கு என்னும் போதனையாற் பூட்டமுயல்வோர், தாம் எவருக்குக் காவல் நிற்கின்றனர் என்பதைச் சிந்தித்தல் நன்று.

எதிர்வாதங்கள்

எனினும் எதிர்த்தரப்பினர் கூறுவன யாவும் வெறுமையானவை அல்ல. அவற்றுள் மூன்று விடைபெறத் தக்கவை.

முதலாவது, போலி முறை ஒருபோதும் முழுமை பெறுவதில்லை என்பது. இதில் உண்மையுண்டு. வி.ஐ. தொகுப்பியின் விசைகளை அளிப்பதாகக் கூறும் கருவிகள் பலவற்றில், நான்கு திசை நகர்வும் சில அழிப்புக் கட்டளைகளுமே கிடைக்கின்றன. வி.ஐ.யின் வலிமையோ அதன் இலக்கணத்தில் உள்ளது. டி என்பது அழித்தல் என்னும் வினை. டபிள்யூ என்பது சொல் என்னும் அலகு. இரண்டும் சேரின் ஒரு சொல் அழியும். மூன்று என்னும் எண்ணைச் சேர்த்தால் மூன்று சொற்கள் அழியும். வினைகளையும் பொருள்களையும் அறிந்தவர், தாம் முன்னொருபோதும் அழுத்தியிராத கட்டளையையும் ஆக்கிக்கொள்வார். அத்தகைய மொழியின் பத்துச் சொற்களை மட்டும் பெயர்த்துவைத்துவிட்டு மொழியே வந்துவிட்டது எனக் கூறுவது ஏமாற்று. ஆயின் இது பெயர்ப்பு அரைகுறையானது என்பதற்கே சான்றாகும். பெயர்ப்புக் கூடாது என்பதற்குச் சான்றாகாது. ஈமக்ஸின் மேல் இயங்கும் ஈவில் என்னும் இணைப்பு, வி.ஐ.யின் வழித்தோன்றலாகிய விம்மின் இலக்கணத்தை ஏறத்தாழ முழுமையாகவே தருகின்றது. கால்நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றையொன்று எள்ளி நகையாடிய இரு முகாம்களின் கருவிகள் ஒரே திரையிற் கூடிவாழ்வது, தூய்மைவாதத்திற்கு வரலாறு அளித்த விடை.

இரண்டாவது, பிறர் கணினியில் அமரும்பொழுது தன் பழக்கத்தைக் கொணர்ந்தவர் திகைப்பார் என்பது. தொலைவிலுள்ள வழங்கியொன்றைப் பழுதுபார்க்க அவசரமாக நுழைபவருக்குத் தம் விசையமைப்பு அங்கே கிடைக்காமற் போகலாம். இவ்விடர் மெய்யே. ஆயினும், ஆண்டில் ஒருசில நாள் பிறர் வீட்டில் உண்ண நேரும் என்பதற்காக, எஞ்சிய நாளெல்லாம் தன் வீட்டிலும் பிறர் சுவைக்கே சமைக்கவேண்டும் என விதிப்பார் எவருமிலர். வழங்கிகளில் பொதுவாகக் கிடைக்கும் வி.ஐ.யின் அடிப்படைக் கட்டளைகள் சிலவற்றை அறிந்துகொள்வது அவ்விடருக்குப் போதுமான காப்பு.

மூன்றாவது, விசைகள் ஒன்றோடொன்று மோதும் என்பது. ஈமக்ஸில் கொன்ட்ரோலும் எக்ஸும் வேறு பல கட்டளைகளுக்குத் தலைவாயில். ஏனையோருக்கோ அவை வெட்டல். இரண்டையும் எவ்வாறு ஒருங்கே வைப்பது? ஈமக்ஸின் சீ.யூ.ஏ. முறை இதற்கு நேர்த்தியானதொரு விடை கண்டது. உரையின் ஒரு பகுதி தெரிந்தெடுக்கப்பட்டிருக்கும்போது அவ்விசைகள் வெட்டலைச் செய்யும். இல்லாதபோது பழைய கட்டளைகளுக்கே இட்டுச்செல்லும். மக்கின்டொஷ் கணினிகளில் படியெடுத்தலும் ஒட்டலும் கொமாண்ட் என்னும் வேறொரு விசையைச் சார்ந்திருப்பதால், பெரும்பாலான உரைப்பெட்டிகளில் ஈமக்ஸின் கொன்ட்ரோல் விசைகளும் இடையூறின்றி இயங்குகின்றன. வரியின் தொடக்கத்திற்கு ஏ, ஈற்றிற்கு ஈ என்பன அங்கே ஈமக்ஸை ஒருநாளும் திறந்திராதவர்களுக்கும் கிடைக்கின்றன. மோதலைத் தீர்க்க மனமிருந்தால் வழியுண்டு என்பதையே இவை உணர்த்துகின்றன.

தமிழ்த் தட்டெழுத்தாளரின் சான்று

இவ்விவாதம் ஆங்கிலத்தில் நிரல் எழுதுவோருக்கு மட்டும் உரியதெனக் கருதவேண்டியதில்லை. இதே வினா தமிழ் எழுதுவோரின் வாழ்விலும் எழுந்தது. தட்டெழுத்துப் பொறியிற் கைபழகிய தமிழர், கணினி வந்தபொழுது இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் அப்பழக்கத்தைத் தொடர்ந்தனர். ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி ஆகிய விசைகளைத் தொடர்ந்து அழுத்தின் ‘தமிழ்’ என்னும் சொல் தோன்றும். ஆங்கில ஒலியோடு இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. கைக்கு மட்டுமே அது தெரியும்.

பின்னர் யுனிகோட் வந்தது. அதிலே ‘கெ’ என்னும் எழுத்தில் முதலிற் ககரமும் அதன் பின்னரே கொம்பும் பதிவாகும். தட்டெழுத்தாளரின் கையோ, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கின்படி கொம்பை முதலில் அழுத்திப் பழகியது. அன்றும் போதகர்கள் இருந்தனர். பழையன கழிக, புதியதைக் கற்க என்றனர். அவ்வாறே விட்டிருப்பின், பல்லாண்டு அனுபவம் வாய்ந்த தட்டெழுத்தாளர் பலர் ஒரே நாளிற் கற்றுக்குட்டிகளாகியிருப்பர். ஆயின் வேறு சிலர் மென்பொருள் எழுதினர். கை பழைய ஒழுங்கில் அழுத்தும். கொம்பைக் கணினி காத்துவைத்து, ககரம் வந்தபின் உரிய இடத்திற் பதிக்கும். மாற்றத்தின் சுமையை மனிதர் தலையில் ஏற்றாது பொறியின் தலையில் ஏற்றிய நல்ல முன்மாதிரி இது. இதனால் யுனிகோட்டின் தூய்மை எள்ளளவும் கெடவில்லை.

தமிழர் குறுக்குவிசைகளால் எதிர்கொள்ளும் தனி இடர் ஒன்றும் உண்டு. வி.ஐ. வகைத் தொகுப்பிகளிற் கட்டளைகள் யாவும் ஆங்கில எழுத்துகள். தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கையில் கட்டளை தரமுயன்றால் தொகுப்பிக்குத் தமிழெழுத்தே சென்றுசேரும்; அஃது ஒன்றும் விளங்காது நிற்கும். விம் தொகுப்பியில், உட்புகுத்தும் நிலையில் மட்டும் வேற்றுமொழி விசையமைப்பு இயங்கவும், கட்டளை நிலையில் ஆங்கில எழுத்துகளே செல்லவும் வழிவகுக்கப்பட்டுள்ளது. விசைகளைப் பயனரே மாற்றியமைக்கும் உரிமை இல்லாத கருவியில் இத்தகைய வழி பிறந்திராது. ஆங்கிலம் அல்லாத மொழியில் எழுதுவோருக்கு அவ்வுரிமை ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை. ஒரு கை மட்டுமே இயங்கும் ஒருவருக்கும், சுட்டெலியைக் காணவியலாத பார்வையற்ற ஒருவருக்கும், ஓயாத தட்டெழுத்தாற் சிறுவிரல் நோவுற்ற ஒருவருக்கும் அவ்வாறே.

செய்யத்தக்கன

ஆகவே கருவி செய்வோரிடம் வேண்டப்படுவன தெளிவானவை. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பெயர் இருத்தல் வேண்டும். அப்பெயரை எவ்விசைக்கும் கட்டுவதற்குப் பயனருக்கு உரிமை வேண்டும். அவ்வமைப்பு எவரும் படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாக இருத்தல் வேண்டும். அப்பொழுதே அதனை வேறொரு கணினிக்கும் வேறொரு கருவிக்கும் எடுத்துச்செல்லலாம். புதிய பதிப்பு வெளிவரும்போது, பயனர் அமைத்த விசைகளை அறிவிப்பின்றி மாற்றும் வழக்கம் ஒழிதல் வேண்டும். உலாவிக்குள் இயங்கும் எழுத்துக்கருவிகள் பெருகிவரும் இக்காலத்தில் இவ்வேண்டுகோள் முன்னரிலும் அவசரமானது. உலாவி தனக்கென ஒதுக்கிய விசைகளை உள்ளிருக்கும் கருவி பெறுவதில்லை. கருவிகள் பலவும் எஞ்சிய விசைகளையும் மாற்றவிடுவதில்லை. இரு பூட்டுகளுக்கு இடையிற் பயனர் நிற்கின்றார்.

பயனருக்கும் ஒரு கடமை உண்டு. பழைய விசைகளோடு வந்தவர் பழைய எல்லைக்குள்ளேயே நின்றுவிடலாகாது. புதிய கருவி தரும் புதிய செயல்களுக்குப் பழைய விசை கிடையாது. அவற்றை அதன் விசைகளாலேயே கற்றல் முறை. தாய்மொழியோடு வேற்றூர் சென்றவர் அவ்வூர்ச் சொற்கள் சிலவற்றையும் கற்றுக்கொள்வது போன்றது அது. அவ்வாறு கற்பதற்கும் தளராத கை வேண்டும். அடிப்படைச் செயல்களிலேயே தடுமாறுபவருக்குப் புதியதைத் தேடும் ஓய்வு வாய்ப்பதில்லை.

கருவிகள் தோன்றி மறைவன. வேர்ட்ஸ்டாரை விற்ற நிறுவனம் இன்றில்லை, லோட்டஸ் 1-2-3 விற்பனையும் ஆதரவும் ஒழிந்துபோயிற்று, ஏ.டி.எம். முனையங்கள் அருங்காட்சியகங்களை அடைந்துவிட்டன. அவற்றில் உழைத்தோரின் கைகள் கற்றவை மட்டும் வேறு திரைகளின் முன் இன்றும் இயங்குகின்றன. மறைந்துபோகும் பொருளுக்காக, நிலைத்துநிற்கும் திறனைத் துறக்குமாறு கேட்பவரே தம் கோரிக்கைக்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். தம் விரல்களோடு வருபவர் எவரிடமும் மன்னிப்புக் கோரவேண்டியதில்லை.